சஷ்டியில் ஒரு மான் வேட்டை

நவம்பர் பிறந்துவிட்டால் மொன்றியலில் ஆண்கள் ஒருவரை ஒருவர் சுகம் விசாரிப்பதில்லை. "உன்னுடைய ஷெவ்ரோய் கிடைத்துவிட்டதா?" என்றுதான் கேட்கிறார்கள். ஷெவ்ரோய் என்றால் மான். நெடுஞ்சாலையில் பிக்கப் வண்டியின் பின்தட்டில் நாக்குத் தொங்க ஒரு மான் கிடக்கும். பின்னால் வரும் காரில் இருக்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துக் கையசைப்பார்கள். ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் ஒரு பெரிய குசினியில் தட்டு அடுக்கும் வேலைக்கு நான் சேர்ந்திருந்தேன். அங்கே என் முதல் நவம்பரில் ஒரே காலையில் ஐந்தாறு பேர் என்னிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அப்போது எனக்குத் தெரிந்த பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும்தான். விளங்காத எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிடுவது என்ற ஒரே கொள்கையோடு இந்த நாட்டுக்குள் வந்தவன் நான். அன்றும் ஆட்டினேன். மத்தியானத்துக்குள் சிவா மான் சுட்டவனாம் என்ற செய்தி குசினி முழுக்கப் பரவிவிட்டது.

அடுத்த நவம்பரில் எங்கள் மேற்பார்வையாளர் ரேஜான், லவாலைத் தாண்டி வடக்கே இரண்டு மணி நேரத்தில் இருக்கும் தன் காட்டு வீட்டுக்கு தன்னோடும் மைத்துனனோடும் நான்கு நாள் வேட்டையாட என்னைக் கூப்பிட்டான். அந்த ஆண்டு தற்காலிக ஆட்களில் மூன்று பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்றும் பெயர்களை எழுதிக் கொடுப்பது ரேஜான்தான் என்றும் எல்லோருக்கும் தெரியும். என் மனைவி வதனி கொழும்பில் ஒரு வாடகை அறையில் விசாவுக்குக் காத்திருந்தாள். நிரந்தர வேலை என்று ஒரு கடிதம் இருந்தால் காரியம் சுலபமாகும் என்று பத்திரம் நிரப்பித் தந்தவர் சொல்லியிருந்தார். ஆகவே ரேஜான் கேட்டதும் தலை தானாகவே ஆடிவிட்டது. வீட்டுக்கு வந்து நாட்காட்டியைப் பார்த்த பிறகுதான் அந்த நான்கு நாளும் கந்தசஷ்டிக்குள் வருவது தெரிந்தது. வதனியின் விசாவுக்காக ஆறு நாளும் ஒருபொழுது இருப்பதாக நேர்ந்து வைத்திருந்தேன்.

என்னோடு அறையைப் பங்குபோட்டிருந்த யோகன் அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "சட்டி விரதத்திலை மான் வேட்டைக்குப் போற முதல் தமிழன் நீதானடா" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஏன் உன்னைக் கூப்பிடுறான்? அங்கை வேறை ஆக்களே இல்லையோ? துவக்கோடை ரெண்டு வெள்ளையள், நடுவிலை நீ. காட்டுக்கை என்ன நடந்தாலும் ஆருக்குத் தெரியும்? யோசிச்சுப் போ" என்றார். நான் ஏற்கெனவே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்களுடைய ஆட்களுக்குச் சந்தேகத்தை ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. சும்மா தரும் தேநீரில்கூட என்ன கலந்திருக்கும் என்று பார்த்துக் குடித்து உயிர் தப்பி வந்தவர்கள் நாங்கள்.

காட்டு வீட்டில் ரேஜானின் மைத்துனன் மார்செல் காத்திருந்தான். சிவந்த முகம், குறைந்த பேச்சு. என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தான். ரேஜான் எனக்கு ஒரு செம்மஞ்சள் அங்கியைத் தந்து, இதைப் போடாமல் வெளியே கால் வைக்காதே, தவறிச் சுட்டுவிடுவார்கள் என்று அரைகுறை ஆங்கிலத்தில் எச்சரித்தான். துவக்கு வைத்திருப்பவனின் கண்ணில் படாமல் இருப்பதுதான் உயிர் பிழைக்கும் வழி என்று பழகியவன் நான். இங்கே கண்ணில் பட்டால்தான் பிழைக்கலாமாம். அங்கியைப் போட்டுக்கொண்டேன், ஆனால் மனம் ஒப்பவில்லை. சுவரில் சாத்தியிருந்த இரண்டு துவக்குகளும் அதே இடத்தில் இருக்கின்றனவா என்று எழும்பும்போதெல்லாம் பார்த்துக்கொண்டேன். மார்செல் படம் எடுக்கலாம் என்று ஒரு துவக்கை என் கையில் தர வந்தபோது பாம்பைக் கண்டவன்போல் பின்வாங்கினேன். துவக்கோடு நிற்கும் படம் ஒன்று வதனியின் விசாக் கோப்புக்குள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? மார்செல் அதைக் குறித்துக்கொண்டான்.

மரத்தாலான வீட்டுக்குள் கற்பூரம் கொளுத்தப் பயமாக இருந்தது. விடிந்ததும் அவர்கள் மானுக்காக ஒளிந்து காத்திருக்கும் மரப்பெட்டிக்குப் போன பிறகு, நான் வீட்டின் பின்புறம் ஓடும் சிற்றாற்றுக்குப் போவேன். உயிரைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாளி குளிர்நீர் ஊற்றிக் குளித்துவிட்டு, மேப்பிள் மரத்தடியில் இருந்த ஒரு தட்டைக் கல்லின்மேல் பர்சில் இருந்த நல்லூர் முருகன் படத்தை வைப்பேன். ஒரு வாழைப்பழம், கொஞ்சம் முந்திரிகை வற்றல், கற்கண்டு. ஊதுபத்தியும் கற்பூரமும் கொளுத்திக் கும்பிட்டு, நெருப்பை நன்றாக அணைத்துவிட்டு வருவேன். படைத்ததைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை. இரண்டாம் நாள் போய்ப் பார்த்தபோது கல் துடைத்த மாதிரி இருந்தது. முதலில் மார்செலைத்தான் சந்தேகப்பட்டேன். என்னை வேவு பார்க்க வந்தவன் பழத்தையும் தின்றுவிட்டுப் போயிருக்கிறான் என்று நினைத்தேன்.

அவர்களுக்கோ ஒரு மானும் வரவில்லை. அந்த நவம்பர் வெயில் வைகாசிபோல் எறித்தது. இப்படிச் சூடு இருந்தால் மான்கள் பகலில் நடமாடாது, குளிர்கால மயிர் அவற்றுக்குப் போர்வை போர்த்த மாதிரி என்று ரேஜான் விளக்கினான். ஒளிவிடத்துக்கு முன்னால் குவித்திருந்த ஆப்பிளும் கரட்டும் ஒரு கடிகூடப் படாமல் அழுகத் தொடங்கின. ரேஜான் பொறுத்துக்கொண்டான். மார்செல் ஒவ்வொரு நேரமும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தான். முதலில் காற்று. பிறகு பக்கத்துக் காட்டுக்காரனின் நாய். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். இரண்டாம் நாள் மத்தியானம் அவன் என் பக்கத்தில் வந்து மோப்பம் பிடித்தான்.

"கோவில் மணக்கிறது" என்றான். அவன் சொன்னது அவர்களுடைய கோவிலை, தேவாலயத்தை. "இவனுடைய சவர்க்காரம், தலையில் பூசும் எண்ணெய், எல்லாம். இந்த மணத்துக்கு எந்த மான் வரும்?"

ரேஜான் அதை எனக்கு ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லும்போது சிரித்தான், ஆனால் முழுதாகச் சிரிக்கவில்லை. அவர்கள் மணமில்லாத சவர்க்காரத்தால் குளித்து, உடுப்பை இரவு முழுக்க ஊசியிலை மரத்தில் தொங்கவிட்டு உடுக்கிறவர்கள். நான் தேங்காயெண்ணெயும் சந்தனச் சவர்க்காரமுமாக அவர்கள் நடுவில் இருந்தேன். அன்று சாப்பாட்டு மேசையில் இறைச்சித் தட்டை நான் தள்ளிவைத்தபோது இருவரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வையை எனக்கு முன்பே தெரியும்.

யாழ்ப்பாணத்தில் இராணுவத்தின் ஒரு சுற்றிவளைப்பு. எங்கள் ஊர் ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜீப்புக்குள் ஒருவனை இருத்தி, தலையைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை விட்டிருந்தார்கள். தலையாட்டி என்று நாங்கள் சொல்வோம். ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் தலையாட்டினால் அந்த ஆள் தனியே போக வேண்டும். போனவர்களில் பலர் திரும்பி வந்ததில்லை. நான் போய் நின்றேன். இரண்டு ஓட்டைக்குள்ளும் இரண்டு கண் என்னையே பார்த்தன. சாக்கு அசையவில்லை. எனக்கு அடுத்ததாக நின்றவர் எங்கள் ஒழுங்கையில் சைக்கிள் திருத்துகிறவர், ஒரு சோலிக்கும் போகாத மனிதர். சாக்கு ஆடியது. அந்தத் தலைக்குரியவன் யாராக இருந்தாலும் புழுத்துச் சாக வேண்டும் என்று இத்தனை வருடமும் சபித்துக்கொண்டே வந்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை கல்லடிக்குப் போனபோது ஈர மண்ணில் அடையாளங்கள் தெரிந்தன. பாதியாகப் பிளந்த பாக்கை அழுத்தி வைத்த மாதிரிக் குளம்புகள். நான் படைத்துவிட்டுக் கொஞ்சம் தள்ளி அமர்ந்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரங்களுக்குள் ஏதோ அசைந்தது. கலைமானின் கொம்பும், நுனி கிழிந்த ஒரு காதுமாக அது நின்றது. என்னைப் பார்த்தது. கற்பூர மணத்துக்கு மூக்கை ஒருமுறை சுருக்கிவிட்டுத் தண்ணீரில் இறங்கி வந்து, வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது. எனக்கு உடம்பு புல்லரித்தது. வள்ளி மான் வயிற்றில் பிறந்தவள்; அவளைத் தேடி வேடனாக வந்தவன் முருகன். சஷ்டியில், கனடாக் காட்டில், நான் வைத்த படையலுக்கு ஒரு மான் வந்திருக்கிறது. வதனிக்கு விசா கிடைக்கும் என்று அந்த நிமிடமே நம்பினேன். மார்செல் என்னை எவ்வளவு திட்டினாலும் இதை மட்டும் சொல்வதில்லை என்று மானைப் பார்த்துக்கொண்டே தீர்மானித்தேன்.

திரும்பி வந்தபோது என் பை கட்டிலில் கவிழ்த்துக் கொட்டப்பட்டிருந்தது. திருநீற்றுப் பொட்டலம், கற்பூரம், வதனியின் படம், விசாப் பத்திரங்களின் பிரதி. மார்செல் திருநீற்றைத் தூக்கிக் காட்டி இது என்ன தூள் என்றான். சாம்பல் என்றேன். யாருடைய சாம்பல் என்று கேட்டான். மாட்டுச் சாணத்துக்கு எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஆங்கிலமும் அந்த நேரத்தில் வரவில்லை. கடவுள் என்று கூரையைக் காட்டினேன். அவன் முகம் இன்னும் இறுகியது.

ரேஜான் கதிரையை இழுத்துப் போட்டு எனக்கு முன்னால் அமர்ந்தான். "சிவா, மார்செலுக்கு ஒரு சந்தேகம். நீ இறைச்சி தின்பதில்லை, குடிப்பதில்லை, துவக்கைத் தொடுவதில்லை, படமெடுக்க விடுவதில்லை. நாங்கள் போனதும் தனியே எங்கோ போகிறாய். வேட்டைக்காரரை உளவு பார்க்க வனவிலங்கு அதிகாரிகள் அனுப்பிய ஆளோ நீ என்று கேட்கிறான்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஓடி ஒளிந்து இவ்வளவு தூரம் வந்தது உளவாளி என்ற பெயரை இங்கே வாங்கத்தானா? ரேஜான் மேசையில் கிடந்த வதனியின் படத்தை எடுத்துப் பார்த்தான். மெதுவாகத் திருப்பி வைத்தான். அவன் எழுதப்போகும் மூன்று பெயர்களில் என்னுடையது அழிந்துகொண்டிருப்பது எனக்குக் கண்ணால் தெரிந்தது. பிறகு தாடையால் ஆற்றுப் பக்கத்தைக் காட்டி, "அங்கே ஏதாவது கண்டாயா?" என்று கேட்டான். இந்த முறை கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. விளங்கித்தான் தலையை ஆட்டினேன்.

கல்லையும் படையலையும் அதற்கு வந்த மானையும் நான் சொல்லி முடித்ததும் இருவரும் எனக்கு உறவினர் ஆனார்கள். மார்செல் என் உடுப்பை ஒவ்வொன்றாக மடித்துப் பைக்குள் வைத்தான். மானுக்கு அந்த மணம் பழகியிருக்கும், ஆகவே நாளைக் காலை வழக்கம்போல எல்லாவற்றையும் செய், கோவில் மணம் உட்பட என்றான். செய்தேன். வேட்டையின் கடைசி நாள், சஷ்டியின் ஐந்தாம் நாள், குளித்து, திருநீறு பூசி, பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, பின்னால் ஒரு மரத்தோடு மரமாக மார்செல் துவக்கோடு நிற்க, கண்ணை மூடிக் கும்பிட்டேன். என்ன கேட்டுக் கும்பிட்டேன் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வரவேண்டாம் என்று சொன்னேனா, வா என்று சொன்னேனா? எழுந்து வீட்டை நோக்கி நடந்து பாதி வழியில் வெடிச்சத்தம் கேட்டது. ஒரே வெடி. பழக்கதோஷத்தில் நிலத்தில் குப்புற விழுந்துவிட்டேன். மார்செல் ஓடிவந்து என்னைத் தூக்கிக் கட்டிப்பிடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனைச் சந்தேகப்பட்டதற்காக வெட்கப்பட்டேன். அதைவிட என்னை நினைத்து வெட்கப்பட்டேன்.

ரேஜான் எழுதிய மூன்று பெயர்களில் என்னுடையது முதலாவது. அடுத்த கோடையில் வதனி வந்து இறங்கினாள். மானுக்கும் அதற்கும் தொடர்பில்லை, காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று எனக்கு நானே எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

இப்போது எங்களுக்கென்று ஒரு சின்ன அபார்ட்மென்ட் இருக்கிறது. சுவாமி அறைக்கு இடமில்லாததால் குளிர்சாதனப் பெட்டியின் தலையில்தான் முருகனை வைத்திருக்கிறோம். உறைபெட்டியில், கறிவேப்பிலைக்கும் தேங்காய்ப்பூவுக்கும் அடியில், அந்த மானை வெட்டிய இறைச்சிக்கடைக்காரர் மண்ணிறத் தாளில் சுற்றித் தந்த ஒரு பொதி கிடக்கிறது. மேலே மார்செலின் கையெழுத்தில் என் பெயர். அது எனக்குரிய பங்கு. வதனி வந்த முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டாள்.

"இதென்ன இறைச்சி?"

"வேலையிடத்து ஆக்கள் தந்தது."

"அப்ப ஏன் காய்ச்சித் தின்னேல்லை? தின்னாட்டி ஏன் எறியேல்லை? ஆர் தந்தது, பொம்பிளையோ?"

அவள் பாதி பகிடியாகத்தான் கேட்டாள், ஆனால் பாதி பகிடி இல்லை. நான் பொதியை வாங்கித் திரும்பவும் கறிவேப்பிலைக்கு அடியில் வைத்தேன். நவம்பர் வந்தால் டோர்வலில் எல்லோரும் என் தோளில் தட்டி, உன் மான் கிடைத்ததா என்று கேட்கிறார்கள். நான் அவர்களில் ஒருவன். மாலையில் வீட்டுக்கு வந்து விரதம் இருந்து, மேலே இருக்கிறவருக்குக் கற்பூரம் காட்டுகிறேன். தட்டை இறக்கும்போது என் நெஞ்சு உறைபெட்டிக் கதவில் முட்டும். இந்தச் சஷ்டிக்குப் பெட்டியைத் துடைக்கவென்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் போட்ட வதனி, அந்தப் பொதியைக் கையில் தூக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். தாளில் பனி கரைந்து சொட்டியது.

"எறியட்டோ, அப்பா?" என்று கேட்டாள்.

இந்த நாட்டில் கேட்ட எல்லாவற்றுக்கும் ஆடிய தலை, அவள் முன்னால் எந்தப் பக்கமும் ஆடாமல் நின்றது.