புல்லில் கிடந்த கதிரைகள்

1. படம்

கண்காட்சி திறக்க ஆறு நாட்கள் இருந்தபோது, மாதிரி விமானத்தின் கதவை ஒட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ரொறன்ரோவில் இருபத்திரண்டு வருடம் பயணிகள் விமானங்களில் ஆட்கள் இருக்கும் கதிரைகளைப் பூட்டுவதும் கழற்றுவதுமாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். வீட்டில் சும்மா இருக்கத் தெரியாது. ஒரு சின்ன அருங்காட்சியகத்தின் பட்டறையில் மாதிரி விமானங்கள் செய்யப் போனேன். வீடு இருக்கும் அஜக்ஸிலிருந்து 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து வந்து சேர்வதற்குள் பாதிப் பொறுமை போய்விடும்.

அந்த முறை வந்தது, நூறு வருடத்துக்கு முன் சீனாவில் போர்ப் பிரபுக்கள் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்த காலத்து விமானம். இங்கிலாந்தில் கட்டியது. இரண்டு எஞ்சின், துணி போர்த்திய இறக்கை. பயணிகளுக்கும் தபாலுக்கும் என்று வாங்கிய அவ்வகை விமானங்களைப் படைத்தலைவர்கள் பறித்துக் குண்டு போட அனுப்பினார்கள். மாதிரி கேட்டவர் றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் திருமதி லின். அவருடைய தாத்தா அதில் மெக்கானிக். பயணிகள் சேவையில் மட்டும்தான் வேலை செய்தார் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. விமானத்தருகே தாத்தா சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தையும் திருமதி லின் தந்திருந்தார்.

அந்தப் படம்தான் என்னை இருக்கவிடவில்லை. விமானத்துக்குக் கதவு இல்லை. தாத்தாவின் காலடியில், புல்லில், பிரம்புக் கதிரைகள் அடுக்கிக் கிடந்தன.

எங்கள் பட்டறைப் பொறுப்பாளர் கார்த்திக் கோயம்புத்தூர்க்காரர்.

“சிவா சார், கதவை ஒட்டிட்டு உள்ள எட்டு சேர் வைங்க. அந்தம்மா கேட்டது அதுதான்.”

“தம்பி, படத்தை வடிவாப் பாரும். கதிரையள் வெளியிலை கிடக்கு. அப்ப உள்ளுக்கை என்ன இருக்கு?”

“க்ளீன் பண்ண எடுத்திருப்பாங்க சார்.”

“கிளீன் பண்ணக் கதவையும் பிணைச்சலோடை கழட்டுவினமோ? சண்டை நேரம் ஊரிலை உப்பிடிக் கதவில்லாத பிளேனுக்குக் கீழை பங்கர்க் குழிக்கை கிடந்தனாங்கள். கதவாலை பீப்பாக் குண்டை உருட்டிவிட்டவங்கள். எனக்குத் தெரியும்.”

கார்த்திக் படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். “அப்ப அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. மாடலே வேண்டாம்னுட்டா நான் பொறுப்பில்ல.”

2. திருமதி லின்

அவர் வரும்வரை பட்டறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஊற்றிய தேத்தண்ணி ஆறிப் போனது. ஒரு மனுசியிடமிருந்து அவருடைய தாத்தாவைப் பறிக்கப் போகிறேனே என்று பயமாக இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஒட்டிவிடலாமா என்று பசைக் குப்பியைக்கூட ஒருமுறை திறந்தேன்.

எழுபது வயதிருக்கும் அவருக்கு. படத்தின் மேல் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, கதவைத் தாங்கும் பிணைச்சல் கழன்ற இடத்தையும் கதிரைகளையும் காட்டி, குண்டு ஏற்றத்தான் இப்படிச் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் குனிந்தவர் நிமிர வெகுநேரமானது.

தான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தாத்தா ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார் என்றார். ‘நான் கதிரைகளை மட்டும்தான் கழற்றினேன்.’ யாரும் எதுவும் கேட்காதபோதும் சொல்வாராம்.

பிறகு கதவை ஒட்ட வேண்டாம் என்றார். கதிரைகளைப் படத்தில் இருப்பதுபோல் வெளியே அடுக்கச் சொன்னார். தாத்தாவுக்கும் ஒரு சின்ன உருவம் செய்து பக்கத்தில் வைக்கச் சொன்னார்.

3. வீட்டுக்குப் போகும் வழி

அன்று 401-இல் வாகனங்கள் அசையவில்லை. எனக்கோ காருக்குள் இருக்க முடியவில்லை. என் காலத்தில் மூன்று பயணிகள் விமானங்களைக் கதிரை கழற்றிச் சரக்கு விமானங்களாக்கிக் கொடுத்திருக்கிறேன். வேலைத் தாளில் ஏதோ ஒரு கொம்பனியின் பெயர் மட்டும் இருக்கும். கழற்றிய போல்ட் எல்லாம் பெட்டிக்குள் வந்துவிட்டதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். அந்த விமானங்கள் எந்த நாட்டுக்குப் போயின, எதை ஏற்றின என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பங்கருக்குள் கிடந்து வந்த நானே அதைக் கேட்கவில்லை. நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். கதிரையைக் கழற்றச் சொன்னால், அந்த இடத்தில் என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்காமல் போகலாம், வேலையும் போகலாம். கேட்காவிட்டால், வயது போனபிறகு, யாரும் கேட்காமலே பதில் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.