பல்லுக்காரரின் பதில்

ரோஸ் நிற மெழுகு ஸ்பிரிட் விளக்கின் சூட்டில் இளகிக்கொண்டிருந்தது. இடது கை பிளாஸ்டர் தாடையைப் பிடித்துத் திருப்ப, வலது கை சிறு கத்தியின் முனையால் ஒரு முன்பல்லை நெம்பி எடுத்து, மயிரிழை அளவு உள்ளே தள்ளி நட்டது. மறுபடி நெம்பியது. மறுபடி நட்டது.

“காலையிலேர்ந்து அந்த ஒத்தைப் பல்லோட மல்லுக்கட்டுறீங்க,” என்றாள் வாசற்படியில் நின்ற மனைவி. “சாயங்காலம் சபை மூப்பர் வர்றாரு. என்ன சொல்லப்போறீங்க?”

“நேத்து அந்தம்மாவுக்கு மாட்டிப் பாத்தோமா, கொஞ்சம் வெளிய நிக்குது. பேசினா விசிலடிக்குது.”

“நான் பல்லைக் கேக்கல.”

தெருவில் எல்லோருக்கும் அவர் பல்லுக்காரர். மூலைக் கட்டடத்துப் பல் டாக்டர் அனுப்பும் ஆட்களுக்குப் பல்செட்டு செய்துகொடுப்பார். முன்னறை பட்டறை, பின்னறை வீடு. கல்யாணமான நாளிலிருந்து அவள் குடிக்கும் காப்பியில்கூட, பல்செட்டு வார்க்கும் அக்ரிலிக்கின் வாடைதான்.

கூடவே அவருக்கு ஒரு குரலும் வாய்த்திருந்தது. ஞாயிறு ஆராதனையில், கோயிலில் அவர் பைபிளிலிருந்து வேதபாடம் வாசித்தால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். சபையில் பிரசங்கம் செய்துவந்த உபதேசியார் ஓய்வு பெற்றதும், கமிட்டி ஒரே மனதாக இவர் பெயரைச் சொன்னது. வேலையோடு கோயிலை ஒட்டிய வீடும் உண்டு. மூன்று ஜன்னல். அவள் யாருக்கும் தெரியாமல் போய், திரைத்துணிக்கு முழம் போட்டு அளந்துவிட்டும் வந்திருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரை ஒரு பிரசங்கம் பண்ணிப் பார்க்கச் சொன்னார்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தார். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மனைவிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நடுவில், ஒரு வசனத்தைச் சபையார் எல்லோரும் சேர்ந்து சொல்லும்படி கேட்டார். சொன்னார்கள். கடைசி வரிசையில் லாண்டரிக்கார அம்மா மட்டும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். ஒரு காலத்தில் பாடகர் குழுவையே தூக்கிப் பிடித்த குரல் அது.

பல்லுக்காரர் அவளையே பார்த்தார். பேச்சு அறுந்துபோயிற்று. எங்கே விட்டோம் என்று தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஆமென் சொல்லி இறங்கிவிட்டார். ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்க வாசலில் காத்திருக்க, அவரோ கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் குத்தவைத்து, “அம்மா, கீழ்செட்டு ஆடுதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். குசுகுசுவென்றுதான் கேட்டார். ஆனால் அந்தக் குரலுக்குக் குசுகுசுக்கத் தெரியாது. கோயிலே சிரித்தது. மனைவிக்கு மானமே போயிற்று.

கமிட்டி பெரிய மனசு பண்ணியது. முதல் தடவை, பதற்றம், பழகிவிடும் என்றார்கள்.

சாயங்காலம் மூப்பர் வந்து, பல் மாட்ட வருபவர்கள் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“என்ன தம்பி, நல்ல சேதிதானே?”

“என்னை விட்டுடுங்கண்ணே.”

“ஏன்? பிரசங்கம் வரலையா? எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு.”

“வருதுண்ணே. வர்றதுனாலயே அது எனக்குன்னு குடுத்ததுன்னு ஆயிடுமா?”

“கர்த்தர் வேலையவிடப் பல்லு பெருசாய்யா?”

பல்லுக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னதில் பாதி, பின்னறையில் கேட்டுக்கொண்டிருந்த மனைவிக்கே புதிது. அவர் அப்பா பஸ் கண்டக்டர். விபத்தில் முன்பல் மொத்தமும் போயிற்று. அன்றிலிருந்து பிள்ளைகள் படுத்த பிறகுதான் சாப்பிடுவார். சாப்பாட்டு ஜெபத்தையும் நிறுத்திவிட்டார். பல்செட்டு வந்த அன்று, எல்லோரோடும் உட்கார்ந்து வாய்விட்டு ஜெபம் பண்ணினார்.

“நான் அப்ப ஊழியத்துக்குப் படிக்கணும்னு துடிச்சிட்டிருந்த ஆளு. ஜெபத்துல கண்ண மூடாம அப்பா வாயவே பாத்துட்டிருந்தேன். அங்கதாண்ணே கர்த்தர் என்னைக் கூப்பிட்டாரு.”

“சரி, அன்னிக்கு. போன ஞாயித்துக்கிழமை?”

“அப்பவும்தான். கடைசி வரிசையிலேர்ந்து.”

மூப்பர் பிடரியைச் சொறிந்தார். “கமிட்டிக்கு நான் என்னன்னு சொல்றது? பல்லு புடிச்சு இழுத்துக்கிச்சுன்னா?”

“அப்படியே சொல்லுங்கண்ணே. பொய் இல்ல.”

மூப்பர் சிரித்தபடிதான் போனார். பின்னறையில் பாத்திரங்கள் சிரிக்கவில்லை, ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. கொஞ்ச நேரம் கழித்துப் பல்லுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“வருத்தமா?”

“மூணு ஜன்னலுங்க.” அவள் திரும்பவில்லை. “ஒண்ணு கேக்குறேன். நெஜமா அவரு கூப்பிட்டதுதானா? இல்ல, உங்களுக்குப் பிடிச்ச வேலையை விட மனசில்லாம அவரு மேல பழி போடுறீங்களா?”

“அதையேதான் நானும் கேட்டுக்குறேன். இந்த வேலை பிடிக்காத நாளும் இருக்கே. முதுகு ஒடியும், மெழுகு சொன்ன பேச்சு கேக்காது. அன்னிக்கும் இதுதான்னு தோணுது.”

அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். கொஞ்ச நேரத்தில் காப்பி வந்தது.

மறுநாள் லாண்டரிக்கார அம்மா மெழுகுப் பல்லை மறுபடி மாட்டிப் பார்க்க வந்தாள். பெயர் சொன்னாள், ஊர்வம்பு பேசினாள், விசில் இல்லை. “பாடிப் பாருங்கம்மா,” என்றார். கூச்சத்தோடு மெல்ல முனகினாள். முனகல் மெதுவாகப் பாட்டாயிற்று. பின்னறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மனைவி குழாயை மூடினாள். பாட்டு நின்ற பிறகும் அதைத் திறக்க மறந்து நின்றாள்.

சனிக்கிழமை வேலை முடிந்தது. மெழுகு போய் அக்ரிலிக் வந்து, தேய்த்து மெருகேற்றிய செட்டு கிண்ணத்துத் தண்ணீரில் கிடந்தது. லாண்டரிக்கார அம்மா சோப்பு மணக்கும் கைகளோடு வந்து உட்கார்ந்தாள். பழைய செட்டைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் போல, ஒரு ஆண்பிள்ளைக்கு முன்னால் பொக்கை வாயோடு இருக்க அவளுக்கு வெட்கம். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

பல்லுக்காரர் வாயைத் திறக்கும் முன், மனைவி கையைத் துடைத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்தாள்.

“நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க,” என்றாள் அவரிடம்.

அவர் போனார். அவள் கதவைச் சாத்திவிட்டு, கிண்ணத்திலிருந்து செட்டை எடுத்து ஈரத்தை உதறினாள்.

“கழட்டுங்கக்கா, இங்க நான் மட்டும்தான் இருக்கேன். இந்தாங்க,” என்று அதை அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.