நாலே முக்கால் அடி அளவுகோல்

ஏழு பேர் தாராளமாக உட்காரலாம் என்று ஒரு கார் நிறுவனம் அச்சடித்துக் கொடுத்தால், அந்த ஏழு பேர் யார் யார் என்று நீங்கள் கேட்டதுண்டா? கேட்டிருந்தால் இந்த அம்மாவுக்கு இந்த வேலையே இருந்திருக்காது. இதோ, நடு இருக்கையை மடக்கி, தலையைக் குனிந்து, இடது காலை முதலில் உள்ளே விட்டு, மூன்றாவது வரிசையில் ஏறி உட்கார்கிறார். உட்கார்ந்ததும் புன்னகைக்க வேண்டும். அது உத்தரவு. "பாருங்க சார், எங்க மேடம் எவ்வளவு ஃப்ரீயா உக்காந்திருக்காங்க!" என்கிறார் ஷோரூம் மேனேஜர். மேடத்தின் உயரம் நாலே முக்கால் அடி என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

கோப்புகளை அடுக்கத்தான் இவரைச் சேர்த்தார்கள். ஒருநாள் விழுந்த பேனாவைத் தேடிக் கடைசி வரிசைக்குள் போனவர், அங்கேயே சாவகாசமாக உட்கார்ந்து தேடியதை மேனேஜர் பார்த்துவிட்டார். ஆறு வருடங்களாக அதுவே பணியிடம். ஆள் வந்தால் சக ஊழியர்கள் குரல் கொடுப்பார்கள்: "மூணாவது வரிசை எங்கப்பா?" இவர் கோபித்துக்கொள்வதில்லை. "ரெண்டு வரிசையைத் தாண்டிப் போறவ நான். உங்க தொந்திக்கு ஒண்ணையாவது தாண்ட முடியுமா?"

மதிய இடைவேளையில் தினமும் ஒரு வண்டியின் கடைசி வரிசையில்தான் டிபன்பாக்ஸைத் திறப்பார். கையில் தையல்காரர் நாடாவும் ஒரு நோட்டும். சிவப்பு வண்டியைப் பற்றி எழுதியிருப்பது: "சீட்டு தரையிலேருந்து ஒரு சாண்தான். முட்டி மேல வந்துடுது, தொடை காத்துல நிக்குது. எனக்கே இருபது நிமிஷத்துல இடுப்பு வலி." வெள்ளை வண்டி: "கால் நீட்டலாம், தலை இடிக்கும். ஏசி காத்து எட்டிக்கூடப் பாக்காது." மூலையில் தூசி படிந்து நிற்கும் பெட்டி வண்டி: "அழகில்ல. ஆனா நெட்டையானவங்களும் நிமிந்து உக்காரலாம்." நிறுவனத்தின் வண்ணத் தாளும் கடைசி வரிசைக்கு ஓர் அளவு சொல்கிறது. முன் இருக்கையையும் நடு இருக்கையையும் முழுக்க முன்னால் தள்ளிவிட்டு எடுத்த அளவு அது. அந்த நிலையில் ஸ்டீயரிங்கைத் தாடையால்தான் திருப்ப வேண்டும். அச்சில் வந்தால் நம்பிவிடுகிற நோய்க்கு இன்னும் மருந்து வரவில்லை.

"உங்க வீட்டுல என்ன கார்?" என்று கேட்டால் சிரிப்பார். "ஸ்கூட்டர்தாங்க. அதுலயும் நான் பின்னாடிதான்."

நோட்டில் இருந்ததை இரண்டு குடும்பங்களிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டார். இரண்டும் வாங்காமலே திரும்பின. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். "இன்னொரு பார்ட்டி உங்களால திரும்பிப் போச்சுன்னா, மறுநாள்லேருந்து போன் எடுக்கிற வேலைதாம்மா உங்களுக்கு." போன் மேசைக்குக் கமிஷன் கிடையாது. கமிஷனில்தான் மகளின் நர்சிங் படிப்பு ஓடுகிறது.

போன சனிக்கிழமை ஒரு மொத்த வியாபாரி மனைவியுடன் வந்தார். வீட்டில் ஆறு பேர். இருவருமே நல்ல உயரம். வியாபாரி சிவப்பு வண்டியின் ஓட்டுநர் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து, தொடுதிரையைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். "அப்பாவும் அம்மாவும் நடுவுல. சின்னவன் என் பக்கத்துல. பெரியவளும் இவளும் கடைசியில."

"அங்க எனக்குக் கால் நுழையுமா?" என்றார் மனைவி.

"அதான் அந்தம்மா உக்காந்திருக்காங்களே! எப்பவாவதுதானே? நீ அட்ஜஸ்ட் பண்ணிக்குவே."

"மாசத்துல நாலு தடவை உங்க ஊருக்கு அஞ்சு மணி நேரம் போறது எப்பவாவதா?"

வண்டி செய்தவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் மடங்குகிற இருக்கையைச் செய்தார்கள். மடங்குகிற ஆளை நாம் வீட்டிலேயே தயாரித்து வைத்திருக்கிறோம்.

கடைசி வரிசையில் புன்னகை நின்றுபோனது. மேனேஜர் கண்ணால் அதட்டினார். இந்த அம்மா இறங்கி வந்தார். "சார், நான் குள்ளம். என்னை வெச்சு அளக்காதீங்க. உங்க சீட்டை அப்படியே விட்டுட்டு, பின்னாடி நீங்களே போய் உக்காருங்க."

வியாபாரி விளையாட்டுப்போல ஏறினார். முட்டி மார்பில் முட்டியது. தலை கூரையில் இடித்தது. இந்த அம்மா கதவைச் சாத்திவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டாவது நிமிடம் உள்ளிருந்து கண்ணாடி தட்டப்பட்டது. "திறங்கம்மா!"

"இன்னும் நாலு மணி அம்பத்தெட்டு நிமிஷம் இருக்கு சார்."

மனைவி வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜர் ஓடிவந்து கதவைத் திறந்தார். இறங்கிய வியாபாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேரே வாசலுக்கு நடந்தார். மனைவி மட்டும் மூலையிலிருந்த பெட்டி வண்டியைச் சுற்றிப் பார்த்து, விலைச்சீட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று எந்த வண்டியும் பதிவாகவில்லை.

சிவப்பு வண்டியின் மூன்றாவது வரிசையில் இப்போது ஒரு துணிக்கரடி உட்கார்ந்திருக்கிறது. பெல்ட் போட்டிருக்கிறார்கள். எந்நேரமும் புன்னகைக்கிறது, முட்டி கிடையாது, நோட்டு எழுதுவதில்லை. நிர்வாகத்துக்கு முழுத் திருப்தி.

இந்த அம்மா போன் மேசையில் இருக்கிறார். மாலையில் தையல் வேலையும் எடுக்கிறார், மகளின் படிப்பு நிற்கக்கூடாதே. இன்று காலை ஒருவர் அழைத்து, சிவப்பு வண்டி எப்போது கிடைக்கும் என்று கேட்டார்.

"சொல்றேன் சார். கடைசி சீட்டுல யாரு உக்காருவாங்க?"

"அது... எங்க வீட்டுக்காரிதான்."

"பக்கத்துல இருக்காங்களா?"

"சமையல்கட்டுல இருக்கா. எதுக்கு?"

"போனை அவங்ககிட்ட குடுங்க."

இந்த அம்மா ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, அவசரமே இல்லாதவர்போலக் காத்திருக்கிறார். மறுமுனையில் இருப்பது நீங்களானால், தயவுசெய்து எழுந்து, சமையல்கட்டு வரை நடந்து, போனைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.