வயிறு சரியில்லாதவன்

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அவன் கண்கள் முதலில் கழிப்பறையைத்தான் தேடும். கல்லூரிச் சுற்றுலாவாக வெளிநாட்டுக்கு வந்த நான்கு நாளில் விமான நிலையம், விடுதி, படகுத்துறை என்று ஓர் இடம் பாக்கியில்லை. நாங்கள் டிக்கெட்டைக் காட்டி உள்ளே போவதற்குள் ஆள் மாயமாகியிருப்பான். பத்து நிமிடம் கழித்து, முட்டியில் ஈரத்தோடு, பரீட்சையை நன்றாக எழுதியவன் மாதிரி திரும்பி வருவான்.

நான் பாடம் நடத்தும் வணிகவியல் இரண்டாமாண்டுப் பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? 'வயிறு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவனும், "ஆமாண்டா, தண்ணி ஒத்துக்கல" என்று சிரித்து வைத்தான். அதுதான் வினையாகப் போயிற்று. என்னோடு துணைக்கு வந்த பேராசிரியை, மாத்திரைப் பெட்டியும் கையுமாகத் திரிபவர். "இனிமே உனக்கு வெறும் ரொட்டிதான். வேற எதையாவது தொட்ட, வீட்டுக்கு போன் போட்டுடுவேன்" என்று சட்டம் போட்டார்.

பையனோ தின்பதற்கென்றே பிறந்தவன். கேன்டீனில் வெங்காயம் வதங்கினால் மூன்றாம் மாடி வகுப்பில் நெளிவான். இங்கே என்னென்ன சாப்பிட வேண்டும் என்று ஒரு மாதமாக நோட்டில் எழுதி வைத்திருந்தவன் அவன்.

கடைசி நாள் காலை கடைத்தெருவுக்குப் போனோம். பொரித்துச் சர்க்கரையில் புரட்டிய உருண்டைகளை எல்லாரும் ஊதி ஊதித் தின்றார்கள். அவன் ரொட்டியைக் கடித்தான். மணிக்கூண்டு உச்சியில் எல்லாருக்கும் ஐஸ்கிரீம், அவனுக்கு வெந்நீர்.

"மேடம், ஒரே ஒரு வாய்..."

"வாயைத் திற. மாத்திரை தரேன்."

அருங்காட்சியகத்தில்தான் குட்டு உடைந்தது. கை கழுவப் போனேன். வாஷ்பேசினுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீண்டிருந்தன. மல்லாந்து படுத்துக் குழாய்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்த பதற்றத்தில் தலையை இடித்துக்கொண்டு போனில் எதையோ அழுத்திவிட்டான். அதில் பதிவாகி வந்திருந்த ஒரு முரட்டுக் குரல் பேசியது: "தம்பி, மேல இருக்கற பளபளப்ப எவன் வேணா பாப்பான். அடியில குனிஞ்சு எடு. ஜாயின்ட்ட எப்படிப் போட்டிருக்கான்னு அப்பா பாக்கணும்."

"அப்பா பிளம்பர் சார்" என்றான், தலையைத் தேய்த்தபடி. "பசங்ககிட்ட சொல்லிடாதீங்க. பிசினஸ்னு சொல்லி வச்சிருக்கேன்."

எங்கள் கல்லூரி விடுதியில் குழாய் பழுதுபார்க்க வருகிறவரை இந்தப் பிள்ளைகள் 'ஏய் குழாய்' என்று கூப்பிடுவதை நான் கேட்டிருக்கிறேன். கேட்டும் கேளாதது போலப் போயிருக்கிறேன். அதை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. சரியென்று தலையாட்டினேன்.

மதியம் படகுத்துறை உணவகத்தில் நீள மேசை போட்டிருந்தார்கள். மறுநாள் விடிந்தால் விமானம், இதுதான் கடைசி விருந்து. பூண்டும் வெண்ணெயும் தடவிச் சுட்ட மீன் முழுசாக வந்து இறங்கியது. வாசனையே ஆளைத் தூக்கியது. பேராசிரியை மறக்காமல் அவன் முன்னால் ரொட்டியை வைத்தார்.

"பாவம்டா வயிறு! உன் பங்கையும் நாங்களே பாத்துக்கறோம்" என்றான் எதிரே இருந்தவன், மீனை நோக்கிக் கையை நீட்டியபடி.

பையன் ரொட்டியைப் பார்த்தான். மீனைப் பார்த்தான். என்னையும் பார்த்தான். வாக்குக் கொடுத்துவிட்ட நான் என்ன செய்ய முடியும்? தண்ணீரை எடுத்துக் குடித்தேன்.

"எனக்கு வயிறு நல்லாத்தான் இருக்கு மேடம்" என்றான். "எங்கப்பா பிளம்பர். அவருக்கு போட்டோ எடுக்கத்தான் போய்ப் போய் வந்தேன்."

யாரோ சிரிக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டார்கள். அவன் காது சிவந்துவிட்டது. இருந்தாலும் நிறுத்தவில்லை. போனைத் திறந்து, குழாய் ஜாயின்ட் ஒன்றின் படத்தை எல்லாருக்கும் தெரியும்படி உப்புக் குப்பிமேல் சாய்த்து வைத்தான். பிறகு மீன் தட்டை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.