திக்குவாய்ப் பிரிவுக்கு இன்னொரு ஆள்

சலவைக்கடை அக்காவிடம் துணி போட வருகிறவர்கள் கொஞ்ச நாளாகப் பயந்து பயந்துதான் வருகிறார்கள். ரசீதைக் கிழித்துக் கொடுத்த கையோடு, "இணையத்துல ஒரு வேலை இருக்கு, சேர்றீங்களா?" என்று பிடித்துக்கொள்வாள்.

"சம்பளம் எவ்வளவுக்கா?"

"சம்பளமா? ஒரு டீ கூடக் கிடைக்காது."

அவ்வளவுதான், ஆள் மாயம்.

வேலை என்னவென்றால், வலைத்தளங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் ஒரு முகவரித் திரட்டு. அதில் ஒரு மூலையில் 'திக்குவாய்' என்று ஒரு பிரிவு. திக்கிப் பேசுகிறவர்களுக்கான பயிற்சி, சந்திப்பு, அனுபவம் எல்லாம் அங்கே இருக்க வேண்டும். நாதியில்லாமல் கிடந்தது, பாதி லிங்க் திறக்கவே திறக்காது. ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும், பக்கத்தில் குறிப்பும் எழுதலாம் என்பது திரட்டின் சட்டம். ஒரே ஓர் ஆள்தான் மிச்சம் என்றாகிவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள். குறிப்புகளும் அதோடு அழிந்துவிடும்.

இருந்த இரண்டு பேர் அக்காவும் அவள் புருஷனும்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மனுஷன் கழுத்து நரம்பெல்லாம் புடைத்துவிடும். பேச்சைச் சிக்கனமாகச் செலவழித்துப் பழகியவர் எழுத்திலும் கஞ்சன். அக்காவோ வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவள் ஒரு தளத்துக்குப் பத்தி பத்தியாக விவரம் எழுதுவாள். அவர் அடுத்த அறையில் உட்கார்ந்து, "நீளம். குறை" என்று குறிப்புப் போடுவார். "ஏன், உங்க அப்பன் வீட்டுச் சொத்தா கரையுது?" என்று இவள் அதன் கீழேயே எழுதுவாள். இப்படித்தான் ஓடியது குடும்பம்.

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அக்கா அதை யாரிடமும் நேராகச் சொன்னதில்லை. "அவர் போயிட்டார்" என்பாள். விவரம் தெரியாதவர்கள் "வெளியூருக்கா?" என்று கேட்டால், பாவி, "ஆமா" என்றும் சொல்லியிருக்கிறாள்.

பிரிவை மூடிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தாள். அவருடைய கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். தன் பெயரில் லிங்க் போட்டு, அவர் பெயரில் நுழைந்து ஒப்புக்கொண்டாள். அதோடு விட்டாளா? அவர் பெயரிலேயே "நீளம். குறை" என்று எழுதி, அப்புறம் தன் பெயரில் வந்து குறைத்தாள். பைத்தியக்காரத்தனம்தான். அது தெரிந்ததால்தான் நிஜமான ஓர் ஆளைத் தேடி கவுண்டரில் நின்று அத்தனை பேரிடமும் கெஞ்சினாள்.

கடைசியில் வந்து சேர்ந்தது நாத்தனார், அவருடைய தங்கை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். "எனக்கு இந்தக் கம்ப்யூட்டரெல்லாம் வராது அண்ணி. அண்ணனுக்காகச் செய்றேன்" என்றாள். தட்டுத் தடுமாறி முதல் லிங்கையும் போட்டாள்.

மறுநாள் மத்தியானம் பேருந்தை வாசலில் நிறுத்திவிட்டு நேராகக் கடைக்குள் வந்தாள்.

"அண்ணி, நான் போட்டதை அண்ணன் ஒத்துக்கிட்டதா வந்திருக்கு. 'நல்லா இருக்கு'ன்னு எழுதியிருக்கு."

அக்கா மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். "நான்தான் எழுதினேன். நீ முதல் முதலாப் போட்டது. அவர் பார்த்த மாதிரி இருக்கட்டுமேன்னு..."

"ஒரு நிமிஷம் அண்ணன்தான்னு நம்பிட்டேன் அண்ணி. எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?"

சொல்லிவிட்டு, துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். அக்காவுக்கு அந்தக் கணமே உயிர் போய்விடக் கூடாதா என்றிருந்தது.

அன்று சாயங்காலமே இருவரும் அவர் பெயரை எடுத்துவிடுவதென்று கணினி முன் உட்கார்ந்தார்கள். இனி நாத்தனார் இருக்கிறாள், பிரிவு பிழைக்கும், அவர் குறிப்புகளும் பிழைக்கும். காரணம் எழுதச் சொல்லிக் கேட்டது திரட்டு. அக்கா எழுதினாள், எழுதினாள். அவர் வேலை, அவர் சிரிப்பு, மழை, ஆஸ்பத்திரி, எல்லாம் வந்தது. இன்னொருவர் ஒப்புக்கொள்ள வேண்டுமே, நாத்தனார் படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீளம் அண்ணி."

அக்கா ஒவ்வொன்றாக அழித்தாள். மழை போயிற்று. சிரிப்பு போயிற்று. கடைசியில் ஒரே ஒரு சொல்லை மட்டும் தட்டினாள்: இறந்துவிட்டார்.

"இப்ப சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

நாத்தனார் ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள்.