இறங்க முடியாத வீட்டுக்கு முதல் மீன்

ஜெபகனி அத்தைக்கு மீன் என்றால் குளத்து மீன்தான். புன்னக்காயலிலிருந்து வரும் கடல்மீனைக் கழுவும்போதுகூட, "சேத்து வாடை இல்லாததெல்லாம் ஒரு மீனா" என்பாள்.

பாளையங்கால்வாய்த் தண்ணீரில் நிறையும் எங்கள் ஊர்க் குளம் சித்திரையில் வற்றும். முன்பெல்லாம் மடைக்காரர் கரையில் நின்று துண்டை வீசியதும் ஊரே ஒன்றாக இறங்கும். கையில் சிக்கும் முதல் மீன் பிடித்தவருக்குக் கிடையாது. நோய், பேறுகாலம், சாவுத் துட்டி என்று இறங்க முடியாமல் இருக்கும் வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். அத்தையின் கணவர் மெர்வின் இறந்த வருஷம் அவள் வாசலுக்கு வந்த விராலை வைக்கச் சட்டி போதவில்லை. "அழுதுகிட்டேதான் கொழம்பு வச்சேன்" என்று சொல்லிச் சிரிப்பாள். அதன்பின் பீடி சுற்றித்தான் மகன் கிங்ஸ்டனை வளர்த்தாள்.

பிறகு குளத்து மீன் ஏலத்துக்குப் போனது. குத்தகைக்காரர் குஞ்சு விட்டார், காவலுக்கு ஆள் போட்டார். ஒவ்வொரு சித்திரையிலும் அத்தை கரையில் போய்ச் சும்மா நின்றுவிட்டு வருவாள்.

போன வருஷம் ஏலம் எடுத்தது கிங்ஸ்டன். கடைசி வலை இழுத்த காலையில் குளத்தில் முழங்கால் தண்ணீர் கிடந்தது. கரை நிறைய ஆட்கள்.

"ஏலே, இன்னைக்கு மட்டும் எல்லாரையும் எறங்க விடுலே" என்றாள் அத்தை.

"குஞ்சு விட்டது நான், தீனி போட்டது நான். அப்பம்லாம் ஊரு எங்க போச்சு? ஒனக்கு வேணும்னா எறங்கும்மா."

பக்கத்துத் தெரு ஹமீது பீவி சிரித்தபடி அத்தையின் தோளைத் தட்டினாள். "ஒம் மவன் கொளம்லா. எறங்கு, நாங்க வேடிக்கை பாக்கோம்."

அத்தைக்கு ஆசை தாங்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். சேற்றைக் காலால் பைய துழாவினாள். குனிந்து கையை விட்டாள். விரால்.

அதைத் தூக்கிக்கொண்டு பழக்கத்தில் கரையைப் பார்த்தாள்.

"ஹமீது, இது யாரு வீட்டுக்கு? இங்கன எறங்காத வீடு எது?"

ஹமீது பீவி இப்போது சிரிக்கவில்லை. "எங்கள்ல யாரு எறங்குனா?"

அத்தை கரை நெடுகப் பார்த்தாள். பிறகு குனிந்து மீனைத் தண்ணீரில் விட்டாள்.

"ஏம்மா, ரெண்டு கிலோ வரும்லா" என்று கத்தினான் கிங்ஸ்டன்.

அவள் கரையேறவில்லை. யாரோ துண்டை வீசப் போகிறார்கள் என்பதுபோல, மடைப் பக்கம் பார்த்தபடி தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.