கொழுந்து டிராக்டரில் ஓர் இடம்

ஏலப்பாறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே தொழிலாளர் லயத்து வீட்டின் ஒற்றை அறையிலேயே வளர்ந்த பதினாறு வயதுப் பெண்ணுக்கு, வீட்டுக்கே போய்ச் சொல்லித்தரும் டீச்சர் நான். அவளுக்கு நடக்க வராது, பேச வராது, அவ்வப்போது வலிப்பு வரும். அவளைப் பார்த்துக்கொள்ளவே அவள் அம்மா கொழுந்து பறிக்கும் வேலையை விட்டிருந்தார்.

சிறப்புக் குழந்தைகளுக்கான பகல் சென்டரில் அவளுக்கு இடம் கிடைத்தபோது நான்தான் அதிகம் குதித்தேன். ஆனால் சென்டர் வேன் தார்ரோட்டில்தான் நிற்கும். லயத்திலிருந்து அங்கே போகச் செங்குத்தான மண்பாதை. வளர்ந்துவிட்ட மகளை அதில் சுமந்து இறங்க அம்மாவால் முடியாது. மழைக்காலத்தில் ஜீப்காரர்களும் வரமாட்டார்கள். அந்த வாரத்துக்குள் வராவிட்டால் இடம் வேறொரு பிள்ளைக்குப் போய்விடும்.

அந்தப் பாதையில் தினமும் ஒரு டிராக்டர் இறங்குகிறது. மாலையில் கொழுந்து ஏற்றும் அதே டிராக்டர், காலையில் வேலைக்குப் போகும் பெண்களைத் தார்ரோடு வழியாகத் தூரத்து மலைக்குக் கொண்டுபோகும். திங்கட்கிழமை அம்மா மகளைத் தூக்கிக்கொண்டு அதன் பக்கத்தில் போய் நின்றார். பின்னால் நான், சக்கர நாற்காலியோடு.

"இதுல ஆள் ஏத்தக் கூடாதும்மா. ரூல்ஸ்," என்றார் சூப்பர்வைசர்.

டிராக்டர் நிறையப் பெண்கள்.

"அப்ப நாங்க யாரு சாரே? கொழுந்துச் சாக்கா?" என்று ஒருத்தி கேட்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"நீங்க வேலைக்குப் போறீங்க. இது சென்டருக்குப் போயி என்னத்தத் தெரிஞ்சுக்கப்போவுது?"

"அவகிட்டயே கேளுங்க," என்றார் அம்மா. "ஆமான்னா மேல பார்ப்பா. இல்லன்னா கண்ண மூடிக்குவா."

சூப்பர்வைசர் கேட்கவில்லை. வண்டியை எடு என்று டிரைவருக்குக் கை காட்டினார்.

வயதில் மூத்த அக்கா ஒருவர் சாக்கும் கொழுந்து வெட்டும் கத்திரியுமாகக் கீழே இறங்கினார். "ரூல்ஸ்னா எல்லாருக்கும் ரூல்ஸ்தான். எறங்குங்கடி."

டிராக்டர் காலியாகப் போனது. பெண்கள் நடந்தார்கள். நானும் கூடவே ஓடினேன்.

"அக்கா, பஞ்சாயத்துக்கு ஒரு மனு எழுதலாம்..."

"எழுது டீச்சரே. எழுதிக்கிட்டே நட."

அம்மா பின்னாலிருந்து கத்தினார்: "எனக்காகக் கூலிய விடாதீங்கக்கா!"

"ஒனக்காக யாரு விட்டா? புள்ளைக்காக. நாளைக்கும் அவளுக்குத் தலை சீவி வை!"

மலையைச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. அன்று கொழுந்து குறைந்தது. செவ்வாயன்று இன்னும் மெதுவாக நடந்தார்கள். பாதி வழியில் உட்கார்ந்து வெற்றிலை வேறு போட்டார்கள். ஃபேக்டரியிலிருந்து சூப்பர்வைசருக்குப் போன் மேல் போன்.

புதன் காலை அவர் யார் முகத்தையும் பார்க்காமல், "சரி, ஏத்துங்க. இன்னைக்கு மட்டும்," என்றார்.

அம்மா அசையவில்லை. "அவகிட்டக் கேளுங்க சாரே."

பெண்களும் ஏறாமல் நின்றார்கள். அவர் தொண்டையைச் செருமினார். பிறகு குனிந்தார்.

"பாப்பா... சென்டருக்குப் போகணுமா?"

அவள் மேலே பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். போதும் என்று அவரே நிமிர்ந்துகொள்ளும்வரை.

சாக்குகளை விரித்து, இரண்டு பேருக்கு நடுவில் அவளை உட்காரவைத்தோம். வலிப்பு மருந்து என் கையிலேயே இருந்தது. முதல் குலுக்கலில் அவள் போட்ட கூச்சலைக் கேட்டு டிரைவர் பயந்து பிரேக் போட்டார். "சிரிக்கிறாய்யா, நீ ஓட்டு!" என்று அத்தனை பேரும் அவரைத் திட்டினார்கள்.

இப்போது அம்மாவும் மறுபடி வேலைக்கு வந்துவிட்டார். மகளை வேனில் ஏற்றிவிட்டு, அதே டிராக்டரில் மலைக்குப் போகிறார். ஆபீஸில் ரூல்ஸ் மாறவில்லை. "இன்னைக்கு மட்டும்தான்," என்று சூப்பர்வைசர் தினமும் சொல்கிறார்.

"சரி சாரே," என்று பெண்களும் தினமும் சொல்கிறார்கள்.